யாரும் இல்லாத மெஷினில் ‘ஓகே’ அழுத்துவது யார்?

தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை இருந்த இடத்திலிருந்தே திறந்து வேலை பார்க்கத்தான் ரிமோட் டெஸ்க்டாப். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அது எதற்கு? லினக்ஸ் டெஸ்க்டாப்பை உருவாக்குகிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நுழையும்போது ஒரு கேள்வி, கரண்ட் போய் வந்தால் ஒரு கேள்வி, திரையைப் பகிரலாமா என்று இன்னொரு கேள்வி. அத்தனையும் அந்தத் தூரத்து மெஷினின் திரையில்தான் வந்து நிற்கிறது. அங்கே யாராவது போய் அழுத்தினால்தான் இங்கே நமக்குக் கதவு திறக்கும்.

எங்கள் மெஷின் ராஜகுளத்தில், வீட்டுக் கூடத்தின் மூலையில், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வார நாட்களில் நான் ஒரகடத்தில் வேலையில் இருப்பேன். வீட்டில் அம்மா மட்டும்தான். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் திண்ணைக்கு வருவார்கள். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் இருக்கிறது. பிள்ளைகள் கையில் இருப்பதோ அப்பாவின் போன். சில வீடுகளில் அக்காவோ அண்ணனோ வாங்கி வைத்த அரசு லேப்டாப் உண்டு. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, 2 ஜிபி ராம். இன்றைய பிரவுசரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ஆனால் அவற்றின் திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டில் ஒரு பொத்தான்கூடப் போகவில்லை. அந்த லேப்டாப்பை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, உழைப்பையெல்லாம் மூலையில் இருக்கும் 16 ஜிபி மெஷினிடம் விட்டுவிட்டால், குப்பைக்குப் போக வேண்டிய பொருளில் ஒரு பிள்ளை நிரல் எழுதிப் பழகலாம். இதைவிட நல்ல உபயோகம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வேறு என்ன இருக்கிறது?

விண்டோஸில் செய்திருக்கலாமே என்று கேட்பார்கள். வீட்டுக்கு, அலுவலக மேசைக்கு விற்கப்படும் விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால் நேரில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். பலர் ஒரே சமயத்தில் நுழைய வேண்டுமானால் சர்வர் பதிப்பு வாங்க வேண்டும், அதற்கு மேல் தலைக்கு ஓர் உரிமம். ராஜகுளத்துத் திண்ணைக்கு அது கட்டாது. லினக்ஸோ பிறவியிலேயே பலர் சேர்ந்து பயன்படுத்துவதற்கு ஆனது. ஆகவே அதுதான் வழி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாததால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

இது ஒன்றும் நேற்று வந்த வித்தையும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1984-ல் எக்ஸ் விண்டோ சிஸ்டம் தொடங்கியபோதே, நிரல் ஒரு மெஷினில் ஓட, அதன் ஜன்னல் வேறு மெஷினில் தெரியும்படிதான் வகுத்தார்கள். 1987-ல் எக்ஸ்11 வந்துவிட்டது. 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில், தூரத்துத் திரையை இங்கே காட்டும் விஎன்சி பிறந்தது. 1998-ல் மைக்ரோசாஃப்ட் அதே வேலைக்குத் தன் ஆர்டிபியைக் கொண்டுவந்தது. அதே ஆர்டிபி மொழியை லினக்ஸ் பக்கத்தில் பேச எக்ஸ்ஆர்டிபி என்ற இலவச மென்பொருளைச் சிலர் பாடுபட்டு எழுதினார்கள். அவர்களுக்குக் கோயில் கட்டலாம். இத்தனை வருஷம் ஆகியும், ஒரு சாதாரண ஆள் இதை நிறுவினால் முதலில் பார்ப்பது கருப்புத் திரை.

அந்தக் கருப்புத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எக்ஸ்ஆர்டிபியை நிறுவி, லேப்டாப்பிலிருந்து இணைத்தால் ஒரு பெட்டி வரும். பெயர், கடவுச்சொல் கேட்கும். கொடுத்தால் பெட்டி மறையும். திரை கருப்பாகும். மவுஸ் முள் மட்டும் நடுவில் நிற்கும். சில சமயம் அதுவும் இல்லாமல் இணைப்பே பட்டென்று மூடிக்கொள்ளும். சர்வரைக் கேட்டுப் பார்த்தால் பச்சை எழுத்தில் ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்கிறது. ஆர்டிபிக்கு உரிய 3389 போர்ட் திறந்துதான் இருக்கிறது. கடவுச்சொல்லும் சரி என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஒவ்வோர் அடுக்கும் தன் பங்குக்கு எல்லாம் நலம் என்று சொல்லிவிடுகிறது. அத்தனை நலமும் சேர்ந்தால் கருப்பு.

காரணம் உண்டு, அது சின்னதும்கூட. அந்தப் பயனர் ஏற்கெனவே மெஷினில் நேராக லாகின் ஆகியிருப்பார். டெஸ்க்டாப்பின் உள்பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள டி-பஸ் என்ற ஒரு தடம் இருக்கிறது. இரண்டாவதாக வந்த செஷனும் அதே தடத்தில் ஏறப் பார்க்கும். அங்கே முதல் செஷன் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் செத்துப்போகும். நேரடி லாகினை விட்டு வெளியே வந்தால் தீர்ந்தது. அல்லது எக்ஸ்ஆர்டிபியின் தொடக்கக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து, புது செஷன் பழைய தடத்தை மறக்கும்படி செய்ய வேண்டும். இரண்டே வரி! ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார், அவர் வெளியேறினால்தான் நீங்கள் வரலாம்’ என்று அந்தக் கருப்புத் திரையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் பதினேழு வயதுப் பிள்ளை படித்துவிட்டுத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது? செஸ்மேன் என்ற இன்னொரு பகுதியின் பதிவுக் கோப்பிலும், பயனரின் வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கோப்பிலும், வேறு வார்த்தைகளில், துண்டு துண்டாக. அங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

கருப்பு விலகி டெஸ்க்டாப் வந்தால் அடுத்தது நிறம். உள்ளே நுழைந்தவுடன் ஒரு பெட்டி எழும்பும்: நிற மேலாண்மைச் சாதனம் ஒன்றை உருவாக்க அனுமதி வேண்டும், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு. பிள்ளையிடம் நிர்வாகிக் கடவுச்சொல் எப்படி இருக்கும்? மூடினால் மறுபடி வரும். போல்கிட் என்ற காவல்காரப் பகுதிதான் இதைக் கேட்கிறது. மெஷின் முன்னால் நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சட்டம், தூரத்திலிருந்து வருபவருக்கு வேறு சட்டம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷினை அணைக்க, மென்பொருள் நிறுவ அப்படி ஒரு வேறுபாடு வேண்டும்தான், அதை நான் மனதார ஏற்கிறேன். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அது கட்டாயம் தேவை. ஆனால் மானிட்டரே இல்லாத ஒரு செஷனில் மானிட்டரின் நிறத்தைத் திருத்துவதற்கு என்ன காவல்?

இதற்கும் மருந்து இருக்கிறது, ஒரு சின்ன விதிக் கோப்பு. அதில்தான் அடுத்த தொல்லை. லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் பல வருஷமாக அந்த விதியை ஒரு விதமாக எழுதி வந்தார்கள். டெபியன் 12-லிருந்து அந்த எழுத்துமுறையைப் போல்கிட் நேரடியாகப் படிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பாணியில் புதிதாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழையதைப் படிக்கத் தனித் துணைப்பொதி போட வேண்டும். பழைய மருந்தைப் புதிய மெஷினில் போட்டால் பிழை என்று ஒரு சொல் வராது. பேசாமல் இருக்கும். பெட்டி மட்டும் தவறாமல் எழும்பும். லினக்ஸ் உதவிக் குறிப்புகளில் பாதிக்கு மேல் இப்படி வயதாகிப்போனவைதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். எழுதியவர் எந்தப் பதிப்புக்கு எழுதினார் என்று போடுவதே இல்லை.

எக்ஸ்ஆர்டிபியை விட்டுவிட்டு, க்னோம் டெஸ்க்டாப்பிலேயே உள்ள ரிமோட் வசதிக்குப் போனால் என்ன? போனேன். உபுண்டு 22.04-ல் அது ஆர்டிபி பேசுகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே லாகின் ஆன ஒருவரின் திரையைத்தான் அது காட்டும். யாரும் லாகின் ஆகாவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. சரி, மெஷின் ஆன் ஆனதும் தானாக லாகின் ஆகட்டும் என்று வைத்தால், ரிமோட்டுக்கான கடவுச்சொல் கீரிங் என்ற பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. தானாக லாகின் ஆகும்போது அந்தப் பூட்டு திறக்காது. திறக்க, மெஷின் முன்னால் நின்று ஒருவர் கடவுச்சொல் தட்ட வேண்டும். மானிட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டால் திரையே இல்லை என்று அது முடிவு கட்டிவிடும். மானிட்டர் மாதிரி நடிக்கும் ஒரு சின்ன எச்டிஎம்ஐ முனையைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் வாங்கி வந்து செருக வேண்டும். வேறு ரிமோட் மென்பொருள்கள் சில, எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடும்போது ‘எந்தத் திரையைப் பகிர வேண்டும்?’ என்று ஒரு பெட்டியைக் காட்டிக் காத்திருக்கும். எங்கே காட்டும்? ராஜகுளத்துக் கூடத்து மூலையில்.

அப்போதெல்லாம் அம்மாவுக்குத்தான் போன் போகும்.

“அம்மா, அந்த டிவில இப்ப என்ன தெரியுது?”

“நடுவுல ஒரு சின்னப் பொட்டி வந்து நிக்குதுடா. இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது.”

“படிச்சுச் சொல்ல பசங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“எல்லாம் டியூஷனுக்குப் போயிருக்குதுங்க. நான் அடுப்புல சாதத்த வச்சுட்டு வந்திருக்கேன். ஆமாவ அமுக்கவா, வேணாம்ன்றத அமுக்கவா, சட்டுனு சொல்லு.”

எது ஆமாம், எது வேண்டாம் என்று நான் இங்கிருந்து எப்படிச் சொல்வேன்? வலது பக்கப் பொத்தானா, இடது பக்கமா, நீலமா, சாம்பலா என்று கேட்டுக்கேட்டு, அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பெட்டி நேரம் கடந்து மறைந்தேபோகும். வாசல் தெளித்து, மாடு பார்த்து, நூறு நாள் வேலைக்குப் போய்வந்த மனுஷியை ஒரு மென்பொருள் இப்படி நிற்கவைத்து வேலை வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கரண்ட் விஷயம் தனி. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் கரண்ட் போவதும் வருவதும் சொல்லிவைத்தாற்போல் நடக்கும். வந்தவுடன் மெஷின் தானாக எழ வேண்டும் என்றால் பயாஸுக்குள் போய் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். அது ஒரு முறைதான், போகட்டும். எழுந்த மெஷின் மறுபடி தூங்குவதுதான் கொடுமை. யாரும் மவுஸைத் தொடவில்லை என்றால் கால் மணி, இருபது நிமிஷத்தில் டெஸ்க்டாப் தானாகவே உறக்கத்துக்குப் போய்விடுகிறது. லாகின் திரையில் நிற்கும்போதும் அப்படியே. சர்வராகப் பயன்படும் மெஷினை யாரும் தொடமாட்டார்கள் என்பதுதானே விஷயமே? உறக்கத்தைக் கட்டளை கொடுத்து அடியோடு தடுத்து வைத்த பிறகுதான் பிள்ளைகளின் வேலை பாதியில் நிற்பது நின்றது.

வீட்டுக்குள் எல்லாம் சரியாகி, ஒரகடத்திலிருந்து நுழையப் பார்த்தால் இணைய நிறுவனம் குறுக்கே நிற்கிறது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடு என்று எல்லாக் கையேட்டிலும் ஒரே வரியில் எழுதியிருக்கும். எங்கள் ரூட்டருக்கு வெளிப்பக்கம் கொடுத்திருக்கும் முகவரி 100-ல் தொடங்குகிறது. ஐபிவி4 எனும் இந்த வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது, நம் ஆசியப் பங்கு அதே வருஷம் ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு பெருகியவர்களுக்காக 2012-ல் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை ஒதுக்கி, ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்க வழி செய்தார்கள். தெருவுக்கே சேர்த்து ஒரு கதவு எண் கொடுத்த மாதிரி. நாம் வெளியே கடிதம் போடலாம், பதில் வரும். வெளியிலிருந்து ஒருவர் நம் வீட்டைத் தேடி வர முடியாது. நகரத்தில் வெகு காலம் முன்பே இணைப்பு வாங்கியவர்களுக்குச் சொந்த முகவரி இருக்கும். கிராமத்துக்கு ஃபைபர் வந்ததே இப்போதுதான், எண்கள் தீர்ந்துபோன பிறகு.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் ஒரு தம்பி எடுக்கிறார். “சார், நெட் வருதா, இல்லியா?” வருகிறது. “யூட்யூப் ஓடுதா சார்?” ஓடுகிறது. “அப்ப எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்.” அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நிலையான முகவரி வேண்டுமானால் தனிக் கட்டணம், அதுவும் வணிக இணைப்புக்கு. படம் பார்க்க மட்டும்தான் கிராமத்துக்கு இணையம் என்று யார் முடிவு செய்தது? எங்களிடமிருந்தும் ஏதாவது வெளியே போகும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

கடைசியில் உள்ளிருந்து வெளியே போகும் வழியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ராஜகுளத்து மெஷின் தானாக வெளியே போய், மும்பையில் மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரோடு வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு சுரங்கம் போட்டுக்கொள்கிறது. நானும் அதே சர்வருக்குப் போய் அந்தச் சுரங்கத்தில் இறங்குகிறேன். வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, நல்ல கருவி, ஒரு குறை சொல்ல மாட்டேன். சுரங்கம் இல்லாமல் 3389-ஐ உலகத்துக்குத் திறந்து வைப்பது ஆபத்தும்கூட. திறந்த போர்ட்டைத் தேடி நாள் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஏராளம். 2019-ல் விண்டோஸின் ஆர்டிபியில் புளூகீப் ஓட்டை வெளிப்பட்டபோது உலகமே பதறியது. பழைய விஎன்சி கடவுச்சொல்லோ எட்டு எழுத்துக்கு மேல் பார்க்கவே பார்க்காது. ஆனாலும், வாலாஜாபாத் வழியாக பைக்கில் போய்ச் சேர்ந்துவிடும் ஊருக்கு, நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் மும்பை போய் வர வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் தீரவில்லை.

தமிழ் தட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிபி பெரும்பாலும் எழுத்தை அனுப்புவதில்லை. கீபோர்டில் எந்த இடத்துப் பொத்தான் அழுந்தியது என்பதைத்தான் அனுப்புகிறது. ஆகவே லேப்டாப்பில் தமிழ்99 இருந்து பயனில்லை, சர்வரில் ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி, அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. புதுப் பயனர் கணக்கு உருவாகும்போதே ‘தமிழ்99 வேண்டுமா?’ என்று கேட்டு வைப்பதற்கு இந்நேரம் யாராவது ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா?

ஏற்பாடு செய்ய ஆள் இல்லாத நாடா இது? 2007 வாக்கில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமே தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அதே 2007-ல் சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. நான் சொன்ன பழைய அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்துதான் வந்தது. பிளஸ் ஒன் புத்தகத்தில் உபுண்டுவுக்குப் பாடமே இருக்கிறது. பக்கத்தில் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கூடிப் பேசுகிறார்கள். கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பாடம் இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க மனுஷரும் இருக்கிறார்கள். ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை இந்தப் பழைய லேப்டாப்புகளை ஒரு சர்வரோடு இணைத்து வகுப்பு நடத்தலாம் என்று நினைத்தால், முதல் நாளே அவர் முன்னால் வந்து நிற்கப்போவது அந்தக் கருப்புத் திரை. அவருக்கு டி-பஸ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

நான் கேட்பது பெரிதல்ல. நிறுவும்போது ஒரே ஒரு கேள்வி: ‘இந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பாரா?’ இல்லை என்றால், உறங்காதே, நிறம் கேட்காதே, பூட்டுக்குக் காத்திருக்காதே, மானிட்டர் தேடாதே. இத்தனையும் இன்றைக்கே தனித்தனியாகச் செய்ய முடிந்தவைதான். ஒரு கேள்விக்குக் கீழே சேர்த்துக் கட்டிவைக்க வேண்டியதுதான் பாக்கி. அதோடு, உள்ளே விடமுடியவில்லை என்றால் ஏன் என்று அந்தத் திரையிலேயே சொல்ல வேண்டும், தமிழில்.

க்னோம் 46-ல், 2024 மார்ச்சில், யாரும் லாகின் ஆகாமலே தூரத்திலிருந்து நுழையும் வசதி ஒருவழியாக வந்தது. அடுத்த மாதம் வந்த உபுண்டு 24.04-ல் அது சேர்ந்தது. சந்தோஷப்பட்டேன். உடனே அடுத்த செய்தி: 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் க்னோமுக்கான பழைய எக்ஸ் செஷனையே எடுத்துவிட்டார்கள், இனி வேலண்ட் மட்டும். எக்ஸ்ஆர்டிபியோ எக்ஸை நம்பி நிற்பது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பில் அது இப்போதைக்கு ஓடும், அப்படித்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அமைத்திருக்கிறேன், ஓடுகிறது. நேற்றுகூட ஒரு பிள்ளை பைத்தானில் வாய்ப்பாடு அச்சிட்டுக் காட்டியது. எங்கள் மெஷினில் உள்ள 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதுவரைக்கும் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மாறிக்கொள் என்று திரையில் எது கேட்டாலும் வேண்டாம் என்பதையே அமுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது இடது பக்கப் பொத்தான்.